ஃபிஸ் என்றும் ஃபில் என்றும்

பிரெஞ்சில் எழுதப்படும் எழுத்தெல்லாம் ஒலிப்பதில்லை என்பதும், சொல்லின் இறுதியில் நிற்கும் மெய் பெரும்பாலும் வாய்மூடியே இருக்கும் என்பதும் அம்மொழியைப் பயிலத் தொடங்கிய எவருக்கும் விரைவிலேயே தெரிந்துவிடும்; ஆனால் அந்த மௌனம் ஓர் எழுத்தை விட்டு வேறோர் எழுத்துக்கு மாறுவதும், அதனால் ஒரே உருவம் இரண்டு சொற்களாகப் பிரிவதும் நிதானமாகச் சுவைக்கத் தக்கவை. எழுத்தில் ஒன்றாகவும் ஒலியிலும் பொருளிலும் வேறாகவும் உள்ள இவற்றை உருவொத்த சொற்கள் எனலாம்.

இவற்றுள் தலைசிறந்தது எஃப், ஐ, எல், எஸ் என்னும் நான்கே எழுத்துகளால் ஆனது. மகனைக் குறிக்கும்போது அது ‘ஃபிஸ்’, எல் ஒலிப்பதில்லை. நூலிழைகளைக் குறிக்கும்போது ‘ஃபில்’, எஸ் ஒலிப்பதில்லை. இலத்தீனில் மகனைச் சுட்டிய ‘ஃபீலியுஸ்’, இழையைச் சுட்டிய ‘ஃபீலும்’ ஆகிய இரண்டும் நூற்றாண்டுகளாகத் தேய்ந்து வந்து இவ்வாறு ஓருருவாயின. முன்னதின் எஸ் மூலச்சொல்லின் ஈற்றிலிருந்து எஞ்சியது, பின்னதின் எஸ் பன்மை விகுதி. ஒன்று ஒலித்தால் மற்றது அடங்கும் இந்தக் கச்சிதம் வேறெந்த இணையிலும் இல்லை.

கன்னியர் மடத்தைக் குறிக்கும் ‘குவான்’ என்னும் சொல் மூக்கொலியோடு முடிகிறது. அதே எழுத்துகள் ‘அடைகாக்கின்றன’ என்னும் வினையானால் ‘கூவ்’ என்று சுருங்கிவிடும், ஏனெனில் படர்க்கைப் பன்மை வினைவிகுதியின் மூன்று எழுத்துகளும் ஒலியற்றவை. ஆகவே மடத்துக் கோழிகள் அடைகாப்பதாக எழுதிய வாக்கியத்தைப் படிப்பவர், எது பெயர், எது வினை என்று முடிவு செய்த பிறகே வாய்திறக்க முடியும்.

ஓரெழுத்து வேறுபாட்டில் பொருள் மாறும் சொற்களும் உண்டு. மீனைக் குறிக்கும் ‘புவாஸோன்’ இரட்டை எஸ்ஸால் எழுதப்படுகிறது. அதில் ஓர் எஸ் குறைந்தால் நஞ்சு. உயிர்களுக்கு இடையே தனித்து வரும் எஸ், ‘கடல்’ என்பதில் வன்மையாக ஒலிக்கும் ககரம் ‘அகல்’ என்பதில் மென்மையாவதுபோல், அதிர்வொலி பெறுகிறது என்பதே காரணம்; தமிழ்க் காதுக்கு இவ்விதி அன்னியமன்று.

மீனவருக்கும் பாவிக்கும் உள்ள வேறுபாடோ எகரத்தின் தலைக்குறியில் இருக்கிறது. பாவிக்குச் சாய்கோடு, மீனவருக்குக் கூரை வடிவிலான ‘சிர்கோன்ஃபிளெக்ஸ்’. மீன்பிடித்தலைக் குறித்த இலத்தீன் ‘பிஸ்காரி’யின் எஸ் ஒலியிழந்த பின்னும் எழுத்தில் நெடுங்காலம் நீடித்தது, இத்தகைய பயனற்ற எஸ்களைப் பிரெஞ்சு அக்கதெமி 1740ஆம் ஆண்டு அகராதிப் பதிப்பில் பெருமளவில் நீக்கிக் கூரைக்குறிக்கு இடம் தந்தது. இன்றைய பேச்சில் இவ்விரு சொற்களையும் ஏறக்குறைய ஒன்றாகவே ஒலிப்பவர் பலர். கண்தான் இன்னும் பிரித்துக் காண்கிறது.

1990ஆம் ஆண்டின் எழுத்துச் சீர்திருத்தம் ஐ, யு எழுத்துகளின் மேலுள்ள கூரைக்குறியைப் பொதுவாகக் கைவிடலாம் என்றது. ஆயினும் ‘நோன்பு’, ‘இளைய’ என்னும் பொருளுடைய இரு சொற்களையும் அக்குறி ஒன்றே எழுத்தில் வேறுபடுத்துவதால், நோன்பின் தலையில் அதை அப்படியே விட்டுவைத்தது.