துணியா, டயப்பரா? டெல்டா வீடுகளின் கணக்கு

பேறுகாலத்துக்குத் தஞ்சாவூர் இராசா மிராசுதார் மருத்துவமனைக்குப் புறப்படும் காவிரி டெல்டாக் குடும்பங்கள் மறக்காமல் எடுத்துவைக்கும் பொருள், துவைத்துத் துவைத்து நைந்த பருத்தி வேட்டி. சதுரம் சதுரமாகக் கிழித்து மடித்த அந்தத் துணிகளோடு இன்று டயப்பர் பாக்கெட்டும் பைக்குள் ஏறிவிட்டது. பாட்டிக்கு ஒன்றில் நம்பிக்கை, தாய்க்கு மற்றதில். இருவர் பக்கமும் நியாயம் இருக்கிறது.

துணியின் முதல் பலம் அதன் மென்மை. புதுத் துணியின் விறைப்பும் கஞ்சியும் பழைய வேட்டியில் இல்லை. அதைவிடப் பெரிய பலம், அது எதையும் மறைக்காதது. தாய்ப்பால் நன்றாகச் சுரக்கத் தொடங்கிய ஐந்தாம் நாளிலிருந்து, குழந்தை ஒரு நாளைக்கு ஆறு முறையாவது சிறுநீர் கழித்தால் பால் போதுகிறது என்பது மருத்துவர்கள் சொல்லும் எளிய அடையாளம். துணி கட்டும் வீட்டில் இந்தக் கணக்கு யாரும் எழுதிவைக்காமலே தெரியும். நாலைந்து முறை நனைந்தும் உலர்ந்ததுபோல் இருக்கும் டயப்பரில் அது தெரியாது. "பால் பத்தலையோ" என்ற பயத்தில் புட்டிப்பாலுக்குத் தாவும் வீடுகளுக்கு இது சின்ன விஷயமல்ல. சில மாதம் கழிந்ததும் பாட்டி காலை நீட்டி, இரு பாதங்களுக்கு நடுவே குழந்தையை உட்காரவைத்து மலம் கழிக்கப் பழக்குவதும், எப்போது முகம் சுளிக்கிறது, எப்போது முக்குகிறது என்று பார்த்துக்கொண்டே இருக்கும் துணிப் பழக்கத்தோடு வந்ததுதான்.

ஆனால் அந்தத் துணியைத் துவைப்பது யார்? பச்சிளங்குழந்தை ஒரு நாளைக்குப் பதினைந்து, இருபது முறைகூட நனைக்கும். அத்தனையையும் அலசி, ஊறவைத்து, சோப்புப் போட்டுக் கசக்கி, வெந்நீரில் முக்கி, கொடியில் உலர்த்த வேண்டும். அந்த வேலை தாயின் தாய் மீதோ, தையல் ஆறாத தாய் மீதோதான் விழுகிறது. ஒரு காலத்தில் மிராசுதார் வீடுகளின் பேறுகாலத் துணிகளை வண்ணார் சமூகத்துப் பெண்கள் வெளுத்தார்கள். "அந்தக் காலத்தில் செலவே இல்லை" என்று சொல்பவர்கள், சாதியின் பெயரால் வாங்கிய அந்த உழைப்பைக் கணக்கில் சேர்ப்பதில்லை.

பருவமும் துணிக்கு எப்போதும் துணை நிற்பதில்லை. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் இரண்டு நாளானாலும் துணி காயாது. அரைகுறை ஈரத்தோடு கட்டினால் தொடை இடுக்கு சிவந்து புண்ணாகும். மலத்துணியை வாய்க்காலில் அலசினால், கீழே அதே தண்ணீரில் குளிப்பவர்களுக்கு வயிற்றுப்போக்குக் கிருமிகள் போய்ச் சேரும். குழந்தையின் மலமும் பெரியவர்களுடையதைப் போலவே நோய் பரப்பக்கூடியது.

டயப்பரின் வெற்றி இந்த இடத்தில்தான். அதன் நடுவே மரக்கூழோடு கலந்திருக்கும் சோடியம் பாலிஅக்ரிலேட் என்ற பொடி, ஈரத்தை உறிஞ்சிக் கூழாக்கிப் பிடித்துவைக்கிறது. மூன்று, நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்றினால் தோல் உலர்ந்தே இருக்கும். இரவில் தாய் சேர்ந்தாற்போலத் தூங்கலாம். வேதாரண்யத்திலிருந்து தஞ்சைக்குப் பேருந்தில் குழந்தையைக் கொண்டுவரலாம். விலை அதிகம் என்று பத்து மணி நேரம் ஒரே டயப்பரைக் கட்டிவைக்கும்போதுதான் புண் வருகிறது.

விலையைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். ஒன்று 10 ரூபாய், நாளைக்கு ஐந்து என்றால் மாதம் 1,500, ஆண்டுக்கு 18,000 ரூபாய். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்தில் ஏழைத் தாய்க்குப் பணமும் பொருளுமாக அரசு தருவதும் அதே 18,000 ரூபாய்தான். சத்தான சாப்பாட்டுக்கென்று வரும் தொகை அளவுக்கு டயப்பர் விழுங்கிவிடுகிறது.

அடுத்தது குப்பை. மேலுறையும் அடியுறையும் பிளாஸ்டிக், மட்காது. தமிழ்நாடு 2019 ஜனவரி 1 முதல் 14 வகைப் பிளாஸ்டிக் பொருள்களைத் தடை செய்தது. அந்தப் பட்டியலில் டயப்பர் இல்லை. பயன்படுத்தியதைச் சுற்றிப் போட உற்பத்தியாளரே உறை தர வேண்டும் என்றன 2016-ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள். கடையில் வாங்கும் பாக்கெட்டில் அந்த உறை பெரும்பாலும் இருப்பதில்லை. கடைசியில் அதைப் பிரித்தெடுப்பது தூய்மைப் பணியாளரின் கை. குப்பை வண்டி வராத ஊரில் அது கொல்லையில் எரிகிறது, அல்லது வாய்க்காலுக்குப் போகிறது. ஜூனில் மேட்டூர் அணை திறந்து தண்ணீர் வரும்போது மதகுகளில் சிக்கும் குப்பையில் அதுவும் ஒன்று.

அப்படியானால் சுற்றுச்சூழலுக்குத் துணிதான் நல்லதா? பிரிட்டனின் சுற்றுச்சூழல் முகமை 2008-இல் வெளியிட்ட ஆய்வில், இரண்டரை ஆண்டுக்கு ஒரு குழந்தையின் டயப்பர் சுமார் 550 கிலோ கரியமில வாயுவுக்கும், துணி சுமார் 570 கிலோவுக்கும் சமமான பாதிப்பை உண்டாக்குவதாகத் தெரிந்தது. துணி தோற்றதற்குக் காரணம் சலவை இயந்திரமும் உலர்த்தும் இயந்திரமும் தின்னும் மின்சாரம். வெளியே கொடியில் உலர்த்தி, இயந்திரம் நிறையத் துவைத்து, அடுத்த குழந்தைக்கும் அதே துணியைப் பயன்படுத்தினால் துணியின் பாதிப்பு சுமார் 40 சதவீதம் குறையும் என்றும் அந்த ஆய்வு சொன்னது. டெல்டாவில் கொடியும் வெயிலும் அடுத்த குழந்தைக்கு எடுத்துவைக்கும் வழக்கமும் ஏற்கெனவே இருக்கின்றன.

ஆகவே பகலில், வீட்டில், வெயில் காலத்தில் துணி. இரவிலும் பயணத்திலும் அடைமழையிலும் டயப்பர். இந்தப் பிரிவினை பணத்தையும் குப்பையையும் பாதிக்கு மேல் குறைக்கும். அதற்கு இரண்டு பேர் இறங்கிவர வேண்டும். ஒருவர், துணி அலசுவது தன் வேலையல்ல என்று ஒதுங்கி நிற்கும் தகப்பன். மற்றவர் அரசு. 2015-இல் தொடங்கிய குழந்தைகள் நலப் பரிசுப் பெட்டகத்தின் 16 பொருள்களில் நாப்கினும் இருந்தது. அதையே ஒரு நாளைக்குப் போதுமான பருத்தித் துணிகளாகப் பெருக்கிக் கொடுக்கலாம். கூடவே, உறையில்லாத டயப்பர் பாக்கெட் கடைக்கு வராமல் தடுக்கலாம். அதற்கான விதி 2016-லேயே வந்துவிட்டது.