மைசூர் மன்னரும் மறக்கப்பட்ட இசையும்

காலம் நல்லதைக் காக்கும், அல்லாததைக் கழிக்கும். ஆகவே மறக்கப்பட்ட கலைப் படைப்பு மறக்கத் தக்கதே என்று வாதிடுவோர் உளர். இவ்வாதத்தைச் சோதிக்க ஓசூர்வாழ் நாம் நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை. ஜூஜுவாடி எல்லையைக் கடந்தால் பழைய மைசூர்ச் சீமை. அதன் இறுதி மன்னர் ஜெயசாமராஜேந்திர உடையார், 1964 முதல் 1966 வரை சென்னை மாநில ஆளுநராகவும் விளங்கியவர். அவர் இயற்றிய கர்நாடகக் கீர்த்தனைகளை நம்மவர் அறிவர். மேலை இசைக்கு அவர் ஆற்றிய தொண்டை அறிந்தவரோ சிலரே.

இரசிய நாட்டு நிக்கலாய் மெட்னர் (1880–1951) மூன்று பியானோ கான்செர்ட்டோக்களைப் படைத்தார். தனிப் பியானோவும் பெரும் வாத்தியக் குழுவும் உரையாடும் நெடும்படைப்பே கான்செர்ட்டோ. 19-ஆம் நூற்றாண்டின் ரொமான்டிக் மரபைப் பழமை என்று பிறர் ஒதுக்கிய நாளிலும் அவர் கைவிடவில்லை. புகழ்பெற்ற ராக்மனினாவ் தம் நான்காம் கான்செர்ட்டோவை அவருக்கே காணிக்கையாக்கினார். ஆயினும், இங்கிலாந்தில் குடியேறிய மெட்னரை அரங்குகள் ஏறக்குறைய மறந்தன. அந்நிலையில் உடையார் பொருளுதவி செய்ய, எச்.எம்.வி. நிறுவனம் 1947-இல் மூன்று கான்செர்ட்டோக்களையும் இசைத்தட்டில் பதிந்தது. பியானோ வாசித்தவர் 67 வயது மெட்னரே. மூன்றாவதை அவர் மன்னருக்குக் காணிக்கையாக்கினார்.

நதியடியில் துயிலும் வீரனை நீர்மகள் முத்தமிட்டும் அவன் எழவில்லை என்பது லெர்மன்தோவின் கதைப்பாடல். அதைத் தழுவியதே இம்மூன்றாவது கான்செர்ட்டோ. இதில் பியானோ விரல்வித்தை காட்டி நிற்பதில்லை. நெசவில் ஓர் இழையாகவே ஓடுகிறது. முதன்முறை கேட்பவருக்கு மெட்டு எங்கே என்று தோன்றும். மும்முறை கேட்டபின்னரே முன்வந்த மெட்டு உருமாறி மீள்வது புலப்படும். கவிஞர் உறங்கவிட்ட வீரனை மெட்னர் எழுப்பிவிடுகிறார். இறுதிப் பகுதியின் தலைப்பிலேயே 'விழித்தெழுதல்' என்னும் குறிப்பு உண்டு. எழுந்தவன் சற்று மிகையாகவே பேசுகிறான் என்பது நம் குறை. ஆனால் அரங்கு ஒருமுறை கேட்கவே இடந்தருவது. மறுமுறை கேட்கப்படாத ஒன்றைக் காலம் கழித்துவிட்டது என்பது எவ்வாறு தகும்? மன்னர் அளித்தது அந்த மறுமுறையைத்தான்.

மறக்கப்பட்ட ரொமான்டிக் கான்செர்ட்டோக்களுக்கென லண்டன் ஹைபீரியன் நிறுவனம் 1991-இல் ஒரு வரிசையைத் தொடங்கியது. அதன் இரண்டாம் தொகுதியில் மெட்னரின் இரண்டாவதையும் மூன்றாவதையும் தெமிதென்கோ வாசித்துள்ளார். அவ்வரிசையில் வெறும் விரற்பயிற்சியாக நிற்பனவும் உள. அவை ஒலிப்பேழையோடு நின்றால் போதும். மெட்னர் அரங்கேற வேண்டியவர். மும்பையில் 2006 முதல் இந்திய சிம்பனி இசைக்குழு இயங்கி வருகிறது. இந்திய மன்னருக்குக் காணிக்கையான இப்படைப்பை அக்குழு பெங்களூருக்குக் கொணர்ந்து வாசிக்குமாயின், ஓசூரிலிருந்து பேருந்தேறிச் சென்று கேட்க நாம் ஆயத்தம்.