சனி இரவின் சாட்சி

ஆர்க்டிக் மங்கீஸ் குழுவின் முதல் ஆல்பம் 2006 ஜனவரி 23 அன்று பிரிட்டனில் வெளிவந்தது. முதல் வாரத்திலேயே 3,63,735 பிரதிகள் விற்றன. அதற்கு முன் அங்கே எந்தக் குழுவின் முதல் ஆல்பமும் அந்த வேகத்தில் விற்றதில்லை. அந்தச் சூடு ஆறுவதற்குள் என்எம்இ இதழ், பிரிட்டன் தந்த தலைசிறந்த ஆல்பங்களுக்கு ஒரு பட்டியல் போட்டு இதை ஐந்தாம் இடத்தில் உட்கார வைத்தது. பாட்டெழுதிப் பாடிய அலெக்ஸ் டர்னருக்கு அப்போதுதான் 20 வயது நிறைந்திருந்தது. அந்த அவசரத் தீர்ப்பை நான் ஏற்கவில்லை. அதை மறுக்கும் வேகத்தில் ஆல்பத்தையே தூக்கிப் போட்டவர்களையும் ஏற்கவில்லை. 41 நிமிடம், 13 பாட்டு. ஒவ்வொன்றாகக் கேட்டு எடைபோடுவதுதான் நியாயம்.

ஆல்பத்தின் பெயர் 'வாட்எவர் பீப்பிள் சே ஐ ஆம், தட்ஸ் வாட் ஐம் நாட்'. ஆலன் சில்லிட்டோ 1958இல் எழுதிய 'சாட்டர்டே நைட் அண்ட் சண்டே மார்னிங்' நாவலிலிருந்து எடுத்த பெயர் அது. நாட்டிங்ஹாமில் சைக்கிள் தொழிற்சாலையில் கடைசல் வேலை பார்க்கும் ஆர்தர் சீட்டனின் கதை. வாரம் முழுக்க இயந்திரத்தோடு மல்லுக்கட்டிவிட்டுச் சனி இரவு குடித்துத் தீர்க்கும் இளைஞன் அவன். இந்த ஆல்பமும் ஏறக்குறைய ஒரே இரவின் கதைதான். இரவை எதிர்பார்த்துக் காத்திருக்கும் பிற்பகலில் தொடங்கி நடன அரங்கு, வாசலில் நிற்கும் காவலாட்கள், வாடகைக் கார், போலீஸ் வேன், தெருமுனை என்று நகர்கிறது. ஆனால் இரண்டுக்கும் நடுவில் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. சீட்டனுக்குத் தொழிற்சாலை இருந்தது. டர்னர் வளர்ந்த ஷெஃபீல்டில் எஃகுத் தொழில் சுருங்கி ஒரு தலைமுறை ஆகிவிட்டது. இந்தப் பாடல்களில் வேலையைப் பற்றிப் பேச்சே இல்லை என்று சொல்லிவிடலாம். பகல் காலியாகக் கிடக்கிறது, வாழ்வின் பாரம் முழுவதையும் சனி இரவு ஒன்றே சுமக்கிறது. இந்தப் பையன்கள் ஏன் இவ்வளவு படபடப்போடு வாசிக்கிறார்கள் என்பதற்கு எனக்குக் கிடைத்த விடை இதுதான்.

குழு பிறந்தது 2002இல், ஷெஃபீல்டின் புறநகரான ஹை கிரீனில். டர்னரும் ஜேமி குக்கும் கிதார், ஆண்டி நிக்கல்சன் பேஸ், மேட் ஹெல்டர்ஸ் டிரம்ஸ். இவர்களை இணையம் உருவாக்கியது என்று ஒரு பேச்சு இன்றும் உலவுகிறது. அது பாதி உண்மைதான். முன்னோட்டப் பாடல்களைக் குறுந்தட்டுகளில் பதிந்து கச்சேரிக்கு வந்தவர்களிடம் சும்மா கொடுத்தது குழு. வலையில் ஏற்றிப் பரப்பியவர்கள் ரசிகர்கள். ஆல்பம் வருமுன்பே கூட்டம் சொல் பிசகாமல் கூடப் பாடியதற்குக் காரணம் அது. மனப்பாடம் செய்யத் தகுந்த சொற்கள் இருந்தன என்பது அதைவிடப் பெரிய காரணம்.

சொற்கள்தான் இந்த ஆல்பத்தின் முதல் சாதனை. ஷெஃபீல்டில் போர்ட்வாக் என்ற அரங்கின் மதுக்கூடத்தில் வேலை பார்த்தபோது, சால்ஃபர்டின் பங்க் கவிஞர் ஜான் கூப்பர் கிளார்க் மேடையேறியதை டர்னர் பார்த்திருக்கிறார். சொந்த ஊர்ப் பேச்சிலேயே, மூச்சுவிடாமல், எதுகை தெறிக்கக் கவிதை சொல்லலாம் என்ற துணிவு அங்கிருந்து வந்தது என்று நினைக்கிறேன். பல பிரிட்டிஷ் பாடகர்கள் வாய் திறந்ததும் அரை அமெரிக்கர்களாகி விடுவார்கள். டர்னர் யார்க்‌ஷயர்க்காரராகவே பாடுகிறார். உயிரெழுத்துகள் தட்டையாக விழுகின்றன, மெய்கள் பாதியில் அறுபடுகின்றன. முதல் முறை கேட்டபோது பாதிச் சொற்கள் எனக்குப் பிடிபடவில்லை. அந்தக் குரல் யாரிடம் பேசுகிறது என்பது மட்டும் உடனே தெரிந்தது: பக்கத்தில் நிற்கும் நண்பனிடம். மூன்றாவது பாடலான 'ஃபேக் டேல்ஸ் ஆஃப் சான் ஃபிரான்சிஸ்கோ' இதையே பொருளாக்குகிறது. தங்கள் ஊரை மறைத்து அமெரிக்கக் கனவை ஒப்பிக்கும் உள்ளூர்க் குழு ஒன்றை அது பிடித்து உலுக்குகிறது. 2002இல் வந்த லிபர்டைன்ஸ் குழுவின் 'அப் தி பிராக்கெட்' இதைவிடக் கரடுமுரடானது, இசையாக இதைவிட ஆபத்தானதும்கூட. ஆனால் அவர்களின் இங்கிலாந்து கற்பனையில் வரைந்தது. டர்னரின் இங்கிலாந்துக்கு வழி கேட்டுப் போய்ச் சேரலாம்.

அடுத்து இரைச்சல். லிங்கன்ஷயர் கிராமப்புறத்திலுள்ள சேப்பல் ஸ்டூடியோவில் ஜிம் ஆபிஸ் தயாரிப்பில் பெரும்பகுதி பதிவானது. நான்கு பேர் ஒரே அறையில் நின்று ஒருவரையொருவர் துரத்துவது போன்ற ஒலி. பூச்சு வேலை கிடையாது. இதன் உண்மையான எந்திரம் ஹெல்டர்ஸ். அவர் தாளம் பிடிப்பவராக மட்டும் இருந்திருந்தால் டர்னரின் சொற்பெருக்கு வெறும் வாயாடலாகி இருக்கும். வரி முடியும் இடத்தில் ஓர் அடி, திடீர் நிறுத்தம், மறுபடி பாய்ச்சல் என்று சொல்லுக்கு முள்ளந்தண்டு கொடுப்பவர் அவர்.

ஆனால் இங்கே இரண்டு வகை இரைச்சல் இருக்கிறது, இரண்டையும் ஒரே தட்டில் வைக்கக் கூடாது. 'வென் தி சன் கோஸ் டவுன்' முதல் வகை. ஷெஃபீல்டின் நீப்செண்ட் பகுதியில், குளிரில் நின்று தொழில் செய்யும் பெண்ணையும் அவளைச் சுற்றும் ஓர் ஆணையும் பார்த்துக்கொண்டிருக்கிறான் ஒருவன். தனிக் கிதாரோடு மெல்லத் தொடங்கும் பாட்டு திடீரென்று வெடிக்கிறது. வெடித்து, ஓடி, கடைசியில் தொடங்கிய அமைதிக்கே திரும்புகிறது. வேடிக்கை பார்த்தவனால் வாய்விட்டுச் சொல்ல முடியாத கோபம் அந்த நடுப்பகுதி. எல்லாம் கத்தி முடித்தபின் தெருவில் எதுவும் மாறவில்லை என்பதை முடிவின் அமைதி சொல்கிறது. இந்த இரைச்சலை எடுத்துவிட்டால் பாட்டே இல்லை.

இரண்டாம் வகை நான்காம் பாட்டில் தொடங்குகிறது. 'டான்சிங் ஷூஸ்', நீளமான பெயர் கொண்ட ஐந்தாம் பாட்டு, 'ஸ்டில் டேக் யூ ஹோம்' ஆகிய மூன்றும் அடுத்தடுத்து ஒரே வேகத்தில் வருகின்றன. அரங்கின் ஓரத்தில் ஒருவன் நிற்கிறான், எதிரே ஒரு பெண் ஆடுகிறாள், அவன் அளக்கிறான். மூன்றாவதில் அவளை இளக்காரமாகப் பார்த்துக்கொண்டே விரும்பவும் செய்கிறான். இரண்டாம் பாடலான 'ஐ பெட் யூ லுக் குட் ஆன் தி டான்ஸ்ஃப்ளோர்' இதே நிலையைத்தான் பாடுகிறது. ஆனால் அங்கே அவனது தவிப்பு கிதாரில் நடுங்குகிறது, மூன்று நிமிடத்துக்குள் எரிந்து முடிகிறது. அதையே மறுபடி மூன்று முறை சொல்லும்போது சத்தம் சரக்கில்லாததை மூடும் போர்வையாகிறது. எட்டாவதும் பத்தாவதும்கூட இந்தக் கணக்கில்தான் சேரும். பதின்மூன்றில் ஐந்து பாட்டு பலவீனம் என்றால் அது சின்னக் குறை அன்று.

இதே ஷெஃபீல்டின் பல்ப் குழுவோடு ஒப்பிட்டால், பெண்களை எழுதுவதில் உள்ள பள்ளம் இன்னும் தெளிவாகத் தெரிகிறது. 1995இல் வந்த 'டிஃபரென்ட் கிளாஸ்' ஆல்பத்தில் ஜார்விஸ் காக்கர் எழுதிய பெண்களுக்குப் பெயர் உண்டு, வீடு உண்டு, பாட்டுக்கு வெளியே ஒரு வாழ்வும் உண்டு. காக்கர் அப்போது முப்பதைத் தாண்டியவர், டர்னர் பதின்வயதில் எழுதியவர் என்பது காரணமாகலாம். அதற்காக ஆல்பத்துக்கு மதிப்பெண் கூட்டிப் போட முடியாது. விதிவிலக்கு 'மார்டி பம்' ஒன்றுதான். மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டிருப்பவளை வட இங்கிலாந்தில் அப்படிச் சொல்வார்கள். இது ஓர் அசல் ஊடல் பாட்டு. அவன் கெஞ்சுகிறான், சமாளிக்கிறான், நல்ல நாட்களை நினைவூட்டுகிறான். கிதார்கள் தோளைத் தளர்த்துகின்றன. அவள் குரல் கேட்கவில்லை, இருந்தாலும் அவள் கோபத்தில் நியாயம் இருப்பது அவன் பேச்சிலேயே தெரிந்துவிடுகிறது. ஆல்பத்தில் ஒரு பெண் இவனுக்குச் சமமாக எதிரில் நிற்பது இங்கே மட்டும்தான். இதே தளர்வோடு ஏழாவதாக வரும் 'ரயட் வேன்' பாட்டையும் விட்டுவிடக் கூடாது. போலீஸைச் சீண்டி அடிவாங்கும் பையன்களின் கதையை அது ஏறக்குறைய தாலாட்டுப் போலப் பாடுகிறது.

இந்த ஆல்பம் 2006இல் மெர்குரி பரிசையும் வாங்கியது. தகுதியான பரிசு. ஆனால் தலைசிறந்த ஐந்து ஆல்பங்களில் ஒன்று என்ற இடம் பொருந்தாது. இசையில் இது புதிதாக ஒரு கதவையும் திறக்கவில்லை, நடுவில் சோர்கிறது, பெண்களைப் பாதிக் கண்ணோடு பார்க்கிறது. ஓர் ஊரை, ஒரு வயதை, அதன் பேச்சை இவ்வளவு துல்லியமாகப் பிடித்த முதல் ஆல்பங்கள் பிரிட்டிஷ் ராக் இசையில் மிகக் குறைவு என்பதும் அதே அளவு உண்மை. எட்டுப் பாட்டோடு நின்றிருந்தால் தயக்கமில்லாமல் முதல் வரிசையில் வைத்திருப்பேன். இப்போது இரண்டாம் வரிசையின் தலையில் வைக்கிறேன்.

அங்கிருந்தும் கீழே இறங்காமல் அதைத் தாங்கிப் பிடிப்பது கடைசிப் பாட்டு, 'எ சர்ட்டன் ரொமான்ஸ்'. ஐந்தரை நிமிடம். ஹெல்டர்ஸின் இடியோடு தொடங்கிச் சட்டென்று நடைவேகத்துக்கு இறங்குகிறது. ஊர்ப் பையன்களின் உடை, செல்பேசி மணியோசை, அடிதடி எல்லாவற்றையும் அடுக்கி டர்னர் இகழ்கிறார். அதோடு விட்டிருந்தால் கெட்டிக்காரப் பையன் ஒருவனின் ஏளனமாக இந்த ஆல்பம் முடிந்திருக்கும். ஆனால் பாட்டின் பின்பகுதியில் அவர் தன் கூட்டாளிகள் பக்கம் திரும்புகிறார். அவர்களும் அதே காரியங்களைச் செய்பவர்கள்தான், அவர்கள்மீது மட்டும் அதே கோபம் வரமாட்டேன் என்கிறது. அதை ஒப்புக்கொள்ளும்போது, பன்னிரண்டு பாட்டாக ஊரை எடைபோட்டவன் தானும் தராசில் ஏறி நிற்கிறான். பிறகு பாடும் குரல் நின்றுவிடுகிறது. ஒரு நிமிடத்துக்கு மேல் கிதார்கள் மட்டும் ஒன்றின்மேல் ஒன்று ஏறிப் போகின்றன. அவ்வளவு நேரம் வாய் ஓயாமல் பேசியவனிடம் அங்கே ஒரு சொல்லும் இல்லை.