ஒரே ரிவர்ப், நூறு பிரீசெட்

கிட்டார் பிராசஸரில் புதிய பிரீசெட் போட உட்காரும் எவரும் வெறுங்கையோடு உட்காருவதில்லை. என்றோ பாடுபட்டுச் சரிசெய்த டிலேயையும் ரிவர்ப்பையும் பழைய பிரீசெட்டிலிருந்து எடுத்து ஒட்டிவிட்டு, ஆம்பை மட்டும் மாற்றிப் பார்ப்போம். 2015இல் வந்த லைன் 6 ஹீலிக்ஸில் 1024 பிரீசெட்டுகளுக்கு இடமிருக்கிறது. ஒவ்வொன்றிலும் ரிவர்ப்பை முதலிலிருந்து திருகிக்கொண்டிருந்தால் வாசிக்க நேரம் ஏது?

சோம்பல் மட்டுமே காரணம் என்று சொல்லிவிடவும் முடியாது. ஃபிராக்டல் ஆடியோவின் ஆக்ஸ்-எஃப்எக்ஸில் பிரீசெட் மாற்றும்போது டிலேயின் வால் அறுபடாமல் தொடர வேண்டுமானால், இரண்டு பிரீசெட்டிலும் அதே டிலே பிளாக் இருக்க வேண்டும். அமைப்புகள் வேறாக இருந்தால், தேய்ந்துகொண்டிருக்கும் எதிரொலி நடுவழியில் புதிய அமைப்புக்குத் தாவிவிடும். அங்கே ஒரே டிலேயை வைத்துக்கொள்பவர் செய்வது சரிதான்.

சிக்கல் எங்கே என்றால், எல்லா எஃபெக்டையும் ஒரே கண்ணால் பார்ப்பதில். ஆம்புக்கு முன்னால் நிற்பவை தமக்குள் வரும் சிக்னலை நம்பிப் பிழைப்பவை. டியூப் ஸ்க்ரீமர் வகை டிரைவ் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். கெயின் குறைந்த ஆம்புக்கு முன் லெவலை ஏற்றினால் ஒலி உயரும். அதே அமைப்பைக் கெயின் பொங்கும் ஆம்புக்கு முன் வைத்தால் ஒலி அதிகம் உயராது. அடிநாதம் இறுகும், ஸ்வரங்கள் நெருக்கமாக அமுங்கும். எண்கள் ஒன்றாகவே இருக்க, வேலை வேறாகிவிட்டது. நாய்ஸ் கேட் இன்னும் மோசம். ஹெவி மெட்டல் பிரீசெட்டுக்கு வைத்த வாசலளவை (த்ரெஷோல்ட்) கிளீன் பிரீசெட்டில் ஒட்டினால், நீண்டு கரைய வேண்டிய ஸ்வரத்தின் கழுத்தை அது நெரித்துவிடும். ஹம்பக்கருக்கு அமைத்த கம்ப்ரெசர், சிங்கிள் காயில் கிட்டாரை மாட்டியதும் தூங்கப் போய்விடும்.

டிலேயில் எதை மறுபயன்படுத்துகிறோம் என்பதே கேள்வி. 120 டெம்போவில் புள்ளி வைத்த எட்டிலொரு ஸ்வரம் (டாட்டட் எய்த்) 375 மில்லிசெகண்ட். அந்த எண்ணை நகலெடுத்து 132 டெம்போ பாட்டில் போட்டால் தாளத்துக்குச் சுமார் 34 மில்லிசெகண்ட் பிந்தும். எண்ணை விட்டுவிட்டு, டெம்போவோடு பிணைத்த தாளப் பின்னத்தை எடுத்துச் சென்றால் எந்தப் பாட்டிலும் அது உட்காரும்.

நகலெடுப்பதிலாவது ஒரு நிம்மதி உண்டு: இங்கே செய்த தவறு அங்கே போய்த் தொற்றாது. ஆக்ஸ்-எஃப்எக்ஸின் குளோபல் பிளாக் அப்படியல்ல. ஓரிடத்தில் மாற்றிச் சேமித்தால் இணைந்த எல்லா பிரீசெட்டிலும் மாறும். ஒரு நள்ளிரவில் ஹெட்போனில் ரிவர்ப் வறண்டு கேட்கிறதே என்று கொஞ்சம் ஏற்றிச் சேமித்தேன். அது குளோபல் பிளாக் என்பது நினைவில்லை. அடுத்த ஒத்திகையில் எந்த பிரீசெட்டை மிதித்தாலும் கிணற்றுக்குள்ளிருந்து வாசிப்பது போலிருந்தது. ஹெட்போனுக்குள் அறை கிடையாது, அதனால் கை தானாக ரிவர்ப்பைக் கூட்டுகிறது. ஒத்திகைக் கூடமோ தன் பங்குக்கும் எதிரொலியைச் சேர்த்துக் கொடுத்தது.

ஆனால் இதே நிகழ்வு, எல்லாவற்றையும் ஒருசேர மாற்றும் இணைப்பின் பக்கமும் பேசுகிறது. குறைந்த ஒலியில் அடிநாதமும் உச்சநாதமும் காதுக்கு மெலிந்து கேட்கும் என்பதை ஃபிளெட்சரும் மன்சனும் 1933லேயே வரைந்து காட்டினார்கள். வீட்டில் அமைத்த பிரீசெட்டுகள் மேடையில் ஒட்டுமொத்தமாகக் குமுறுவது அதனால்தான். அந்தக் குறை இருப்பது கேட்கும் இடத்தில், பிரீசெட்டுக்குள் இல்லை. எனவே கடைசி வாயிலில் நிற்கும் குளோபல் ஈக்யூவில் ஒருமுறை வெட்டினால் போதும். நாற்பது பிரீசெட்டைத் திறந்து நாற்பது முறை வெட்டுவது வீண். கெம்பர் பிராசஸரில் எஃபெக்டைப் பூட்டி வைக்கும் வசதியையும் நான் இந்தக் கணக்கில்தான் சேர்ப்பேன்: அன்றைய அரங்குக்கேற்ற ரிவர்ப்பை அன்று மட்டும் பூட்டலாம், மறுநாள் திறந்துவிடலாம். பழைய பிரீசெட்டுகளுக்குள் கை போகாது.

நான் இப்போது டிரைவ், கேட், கம்ப்ரெசர் மூன்றையும் எங்கிருந்தும் எடுத்து ஒட்டுவதில்லை. ஒரு பிரீசெட்டுக்குப் பத்து நிமிடம் கூடுதலாகப் பிடிக்கிறது. அந்தப் பத்து நிமிடத்துக்குச் சோம்பல்பட்டே, ஆக்ஸ்-எஃப்எக்ஸ் 3இல் ஒரே பிரீசெட்டுக்குள் இருக்கும் எட்டு சீன்களில் பெரும்பாலான பாட்டுகளை முடித்துக்கொள்கிறேன்.