ராணி போன பிறகுதான் ஆட்டமே

ராணிக்கு ராணி வெட்டியாகிவிட்டது. நேரலையில் வர்ணனையாளர் பெருமூச்சு விடுகிறார். ஓரத்தில் உள்ள எஞ்சின் பட்டை நடுவில் அசையாமல் நிற்கிறது. பார்த்துக்கொண்டிருந்தவர்களில் பாதிப் பேர் அடுத்த பலகைக்குத் தாவுகிறார்கள். “டிராவுக்கு ஆடுறாங்க” என்று தீர்ப்பும் வந்துவிடுகிறது. நான் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொள்வது அப்போதுதான்.

நான் பேசுவது ஒருவரைப் பற்றி. பெயர் வேண்டாம். அவருடைய ரசிகன் என்பதை மட்டும் சொல்லிவிடுகிறேன், நடுநிலையை எதிர்பார்க்காதீர்கள். பதினைந்தாவது நகர்த்தலுக்குள் ராணியைக் கழற்றிவிட வழி இருந்தால் கழற்றிவிடுவார். பயம் என்கிறார்கள். பயந்தவராக இருந்தால் வெட்டிய கையோடு எழுந்துபோய்த் தண்ணீர் குடித்து, பக்கத்துப் பலகையை வேடிக்கை பார்ப்பார். இவரோ வெட்டிய ராணியைக் கடிகாரத்தின் பக்கத்தில் நேராக நிறுத்திவிட்டு, இரண்டு முழங்கையையும் மேஜையில் ஊன்றிக்கொள்கிறார். அடுத்த நகர்த்தலுக்கு இருபது நிமிடம். ஓப்பனிங் முழுவதற்கும் அவ்வளவு செலவழித்திருக்க மாட்டார்.

ராணி இருக்கும்வரை ராஜா மூலையில் ஒளித்துவைக்க வேண்டிய சுமை. ராணி போனதும் அதுவும் சண்டைக் காய். குதிரைக்கோ பிஷப்புக்கோ இளைத்ததில்லை. ஜி1இல் கிடந்த ராஜா எஃப்2, இ3, டி4 என்று அவர் கையில் நடந்துவரும்போது எதிராளி ராஜா இன்னும் கேஸ்லிங் செய்த இடத்திலேயே நிற்கும். பல ஆட்டங்கள் அங்கேயே முடிந்துவிட்டன, பட்டைதான் தாமதமாக அசைகிறது.

“காய் கூடுதலா இருந்தா காயை மாத்து, சிப்பாயை மாத்தாதே” என்று நமக்கெல்லாம் சொல்லிக்கொடுத்தார்கள். கணக்கு சமமாக இருக்கும்போது எதை மாற்றுவது என்பதை யாரும் சொல்லித்தரவில்லை. பெர்லின் டிஃபென்ஸின் பிரதான வழியை எடுத்துக்கொள்ளுங்கள். எட்டாவது நகர்த்தலில் ராணிகள் போய்விடும். கறுப்பு ராஜாவுக்குக் கேஸ்லிங் உரிமை போச்சு, சி ஃபைலில் இரட்டைச் சிப்பாய் வேறு. மற்ற காய்களும் போய் ராஜாவும் சிப்பாய்களும் மட்டும் மிஞ்சினால் பொதுவாக வெள்ளைக்கு ஜெயம். ராஜா பக்கம் அதற்கு 4க்கு 3 இருக்கிறது, ஒன்றை ஓடவிடலாம். கறுப்புக்கு மறுபக்கம் 4க்கு 3 இருந்தும், இரட்டைச் சிப்பாயால் அது நடக்காது. ஆனால் கறுப்பிடம் இரண்டு பிஷப் உண்டு. அதனால் வெள்ளை ஒவ்வொன்றாக மாற்றப் பார்க்கும், கறுப்பு பிஷப்புகளை விடாமல் பிடித்துக்கொள்ளும். 2000ஆம் ஆண்டு லண்டன் உலக சாம்பியன்ஷிப்பில் இந்தச் சுவர் உடையவே இல்லை, பட்டம் கைமாறியது.

அப்புறம் கடிகாரம். 2022 மாமல்லபுரம் ஒலிம்பியாட் கணக்கையே வைத்துக்கொள்வோம்: முதல் 40 நகர்த்தலுக்கு 90 நிமிடம், பிறகு 30 நிமிடம், நகர்த்தலுக்கு 30 விநாடி கூடுதல். எஞ்சினோடு உட்கார்ந்து இருபது நகர்த்தல் மனப்பாடம் செய்து வந்தவருக்கு ராணி போனதும் பாடம் தீர்ந்துவிடுகிறது. ஆளுக்கொரு யானை, ஒரே பக்கத்தில் 4க்கு 3 சிப்பாய். புத்தகப்படி பெரும்பாலும் டிரா. அந்த டிராவை எழுபதாவது நகர்த்தலில், அரை நிமிடத்துக்கு ஒன்றாக ஆடிக் காட்ட வேண்டியவர் எதிராளி.

நம்மவரிடம் குறை இல்லாமலில்லை. ஓடும் சிப்பாய்க்குப் பின்னால் யானையை நிறுத்துவது பால பாடம். அவசரத்தில் சில சமயம் முன்னால் நிறுத்திவிடுகிறார். அதைப் பார்க்கும்போது எனக்கு வயிற்றைக் கலக்கும்.

ரேபிட்டில் இவர் பெரிதாக எதுவும் ஜெயிக்க மாட்டார் என்றே நினைக்கிறேன். எதிராளி களைத்துப்போவதற்குள் ஆட்டம் முடிந்துவிடும். நீண்ட ஆட்டங்களில் கதை வேறு. இன்னும் இரண்டு வருடத்தில் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளும் இப்படி ஆடத் தொடங்குவார்கள், ஹாலுக்கு வெளியே அவர்கள் அப்பாக்கள் புலம்பிக்கொண்டு நிற்பார்கள். அடுத்த ஒன்பது சுற்றுப் போட்டியில் இவர் முதல் மூன்றையும் டிரா செய்வார். அன்று இரவே “என்ன சார், உங்க ஆளு?” என்று எனக்கு மெசேஜ் வரும். ஏழாவது சுற்று முடிந்ததும் பதில் போடுகிறேன்.