நலம்பெற்றோனின் நன்றிப் பண்: ஓர் இசைத்தட்டு குறித்த திறனாய்வு

இசையைப் பற்றி எழுதப் புகுவோர் பலரும் ‘இனிமை’, ‘உருக்கம்’ என்னும் இரு சொற்களோடு நின்றுவிடுகின்றனர். செய்யுள் நயம் கூறுமிடத்து ‘அழகாக உள்ளது’ என்று மட்டும் எழுதும் மாணவனுக்கு நாம் மதிப்பெண் வழங்குவதில்லை. ஓசையும் சொல்லும் தொடையும் அவ்வழகை எங்ஙனம் விளைவித்தன என்று காட்டுமாறு கேட்கின்றோம். இசைத் திறனாய்வுக்கும் அதுவே முறையாகும். காலநடை, சுரநிலை, மெய்ப்பாடு ஆகிய மூன்றும் ஒன்றையொன்று எவ்வாறு ஆக்குகின்றன என்பதை ஓர் இசைத்தட்டைக் கொண்டு ஈண்டு ஆராய்வோம்.

பீத்தோவன் 1825 ஆம் ஆண்டு வேனிற்காலத் தொடக்கத்தில் கடும் நோயுற்றுப் பின் நலம் பெற்றார். அவ்வாண்டிலேயே அவர் முடித்த ஏ மைனர் நரம்பிசை நால்வர் படைப்பு, 132 என்னும் எண்ணால் அறியப்படுகின்றது. இரண்டு வயலின், ஒரு வியோலா, ஒரு செல்லோ ஆகியவற்றுக்கென அமைந்த அதன் ஐந்து பகுதிகளுள் நடுவண் நிற்பது மூன்றாம் பகுதி. நோயினின்று மீண்டவன் இறைவனுக்குச் செலுத்தும் நன்றிப் பாடல் அது என்றும், லிடியன் சுரநிலையில் அமைந்தது என்றும் அவரே தலைப்பில் குறித்துள்ளார். செவிப்புலனை ஏறத்தாழ முற்றும் இழந்திருந்த ஒருவரின் ஆக்கம் இது என்பதும் நினைக்கத்தக்கது.

லிடியன் என்பது யாது? மேலைநாட்டுத் திருக்கோயில் இசையில் பண்டு வழங்கிய சுரநிலைகளுள் ஒன்று. பிரதி மத்திமம் அமைந்த அதன் ஏழு சுரங்களும் நம் கல்யாணி இராகத்தின் சுரங்களே. ஆயினும் இப்பகுதியைக் கேட்போர்க்குக் கல்யாணி தோன்றுவதில்லை. கல்யாணி கமகத்தால் உயிர்ப்பது. இங்கோ சுரங்கள் அசைவின்றி நேராக நிற்கின்றன, நான்கு குரல்கள் ஒருங்கே ஒலிக்கின்றன. சுரவரிசை ஒன்றாயினும் மெய்ப்பாடு வேறாகலாம் என்பதற்கு இதனினும் தக்க சான்று வேண்டா. அன்றியும், எஃப் சுரத்தை அடிப்படையாகக் கொண்ட இப்பாடலில், மேலைச் செவி இயல்பாக எதிர்பார்க்கும் சுத்த மத்திமம் வருவதே இல்லை. அதனால் இசை எங்கும் முழுமையாகத் தரையில் கால் ஊன்றாதது போன்ற ஓர் உணர்வு எழுகின்றது.

இந்நன்றிப் பாடல் மும்முறை வருகின்றது. இடையிடையே இருமுறை, புது வலிமை பெறுவதாகக் குறிக்கப்பட்ட பகுதி டி மேஜரில், சற்று விரைந்த நடையில் எழுகின்றது. ஆங்கே சுரம் உறுதியாகத் தரை தொடுகின்றது; முதல் வயலின் துள்ளி நடுங்கும் ஒலிகளால் களிக்கின்றது. நடைமாற்றமும் சுரநிலைமாற்றமும் ஒரே கணத்தில் நிகழ்வதை மாணவர் கருத வேண்டும்.

இனி இசைத்தட்டுக்கு வருவோம். அடால்ஃப் புஷ், கோஸ்டா ஆண்ட்ரியாசன், கார்ல் டோக்டர், ஹெர்மன் புஷ் ஆகியோர் அடங்கிய புஷ் நால்வர் குழு 1937 இல் லண்டனில் இதனைப் பதிவு செய்தது. அக்காலத் தட்டின் ஒரு பக்கத்தில் நான்கைந்து நிமிட இசையே அடங்கும். இப்பகுதியோ பதினைந்து நிமிடத்தையும் கடப்பது. தட்டின் சிக்கனம் கருதி விரைவாக வாசிக்கும் ஆசை எவர்க்கும் எழக்கூடும். புஷ் குழுவினர் அதற்கு இணங்கவில்லை. நன்றிப் பாடலை மிக நீண்ட விளம்ப காலத்தில், ஒலியின் நடுக்கத்தை மிகச் சுருக்கி இசைத்தனர். பக்கம் முடியுந்தோறும் நிறுத்தித் தொடங்கிய போதும் நடை குலையவில்லை.

இந்நடை மிகையன்றோ என்று கேட்பாரும் உளர். பாடல் என்பது மூச்சில் பாடத்தக்கதாக இருத்தல் வேண்டும். இவ்வளவு நீட்டினால் அடி சிதையும் என்பது அவர் வாதம். புறக்கணிக்கத்தக்க வாதம் அன்று அது. தம் முதற் பதினொரு நால்வர் படைப்புகளுக்கு 1817 இல் மெட்ரோனோம் அளவு தந்த பீத்தோவன், இதற்கு அத்தகைய அளவு எதனையும் தரவில்லை. ‘மிகவும் மெதுவாக’ என்னும் சொற்குறிப்பே உண்டு. ஆகவே தீர்ப்பை எண்ணால் வழங்க இயலாது. பகுதிகளின் உறவால்தான் வழங்க வேண்டும். நன்றிப் பாடல் விரைந்தால், பின்வரும் புது வலிமை புதியதாகத் தோன்றாது. நோயாளி படுக்கையினின்று எழுந்து வைக்கும் முதல் அடிகள் மெல்லியவையாக இருந்தால்தான், அவன் நடக்கத் தொடங்குவது நமக்கு உவகை தரும். புஷ் குழுவின் தாமதம் இவ்வகையில் நியாயம் பெறுகின்றது. மூன்றாம் முறை, பாடலின் முதலடி மட்டுமே நான்கு குரல்களிலும் பின்னி எழும்போது, முன்பு பொறுமையாகக் கேட்ட ஒவ்வொரு சுரமும் பயன் தருகின்றது.

அடால்ஃப் புஷ் யூதர் அல்லர். எனினும் யூதர்க்கு இழைக்கப்பட்ட கொடுமையைக் கண்டு 1933 இல் செர்மனியில் வாசிப்பதைத் துறந்தவர். இச்செய்தி அவர்பால் நம் மதிப்பை உயர்த்தும். ஆயினும் தட்டில் கேட்கும் துயரமெல்லாம் அவ்வரலாற்றின் எதிரொலி என்று கூறிவிடுதல் திறனாய்வு ஆகாது. நடைக்குரிய காரணத்தை இசைக்குள்ளேயே காணுதல் வேண்டும்.

குறையும் உண்டு. தட்டின் இரைச்சல் மெல்லொலிகளை மறைக்கின்றது. செல்லோவின் ஆழ்ந்த ஒலி மெலிந்து கேட்கின்றது. பிற்காலப் பதிவுகள் இவ்வகையில் தெளிவு மிக்கவை. மறுபதிப்புகளில் இன்று இதனை இடையறாது கேட்க இயலுவது ஓர் ஆறுதல்.

இப்பகுதி எழுப்பும் மெய்ப்பாட்டைத் தொல்காப்பியம் கூறும் எட்டனுள் ஒன்றாக அடக்குவது எளிதன்று. மருட்கையில் தொடங்கி உவகையைத் தொட்டு, இரண்டும் கலந்த அமைதியில் அது முடிகின்றது. அவ்வமைதியை ஆக்கியவை தரையூன்றாத சுரநிலையும் அவசரம் அறியாத நடையுமே. இவ்வாறு காரணம் காட்டிச் சொல்லப் பழகும் மாணவன், செய்யுளையும் முன்னினும் நுண்மையாகப் பயில்வான் என்பது உறுதி.