திறனும் முறையும்: ஆங்கிலச் சொல்லிணைவு குறித்து ஒரு மதிப்பீடு

ஒரு சொல் தனக்குரிய துணைச்சொல்லோடு வழக்கமாகச் சேர்ந்து வருதலைச் சொல்லிணைவு என்பர். ஆங்கிலம் பயில்வோர்க்கென 2002இல் வெளிவந்து, 2009இல் இரண்டாம் பதிப்புக் கண்ட ஆக்ஸ்ஃபோர்டு சொல்லிணைவு அகராதி இத்துறையில் பெரும்பயன் விளைத்த நூலாகும். எனினும், திறன், முறை ஆகியவற்றைக் குறிக்கும் சொற்களைக் கொண்டு நோக்குங்கால் அதன் அமைப்பில் ஒரு குறை புலப்படுகின்றது.

அவ்வகராதி ஒரு பெயரோடு வரும் வினைகளைப் பொருள் நெருக்கம் கருதித் தொகுத்துத் தருகின்றது. அவ்வினை ஏன் பொருந்துகின்றது என்பதை விளக்குவதில்லை. 'ஸ்கில்' என்னும் திறன், 'அக்வயர்' (பெறுதல்), 'ஹோன்' (தீட்டுதல்) ஆகிய வினைகளோடு வரும். 'மெத்தட்' என்னும் முறை, 'டிவைஸ்' (வகுத்தல்), 'அடாப்ட்' (மேற்கொள்ளுதல்) ஆகியவற்றோடு வரும். இவற்றை இடம்மாற்றி வழங்கின் ஆங்கில வழக்கு இயல்பாக ஏற்பதில்லை. திறன் ஆளுக்குள் வளர்வது. முறை ஆளுக்குப் புறத்தே நிற்பது என்பதே இதற்குக் காரணம் எனலாம். 'டெக்னிக்' என்னும் உத்தியோ இரண்டிற்கும் இடைப்பட்டது. ஆதலின், 'மாஸ்டர்' (கைவரப்பெறுதல்), 'அப்ளை' (பயன்படுத்துதல்) ஆகிய இருவகை வினைகளையும் அது ஏற்கின்றது.

'டிவெலப்' என்னும் வினை இவ்வேறுபாட்டை மேலும் தெளிவுபடுத்தும். அது திறனோடு சேரின் உள்ளதை வளர்த்தல் என்றும், முறையோடு சேரின் பெரும்பாலும் இல்லாததை உருவாக்குதல் என்றும் பொருள்படும். இரண்டனையும் 'மேம்படுத்துதல்' என ஒரே சொல்லால் பெயர்த்தெழுதும் மாணவர், புதிய முறையொன்றை உருவாக்கிய அறிஞரைப் பழையதைத் திருத்தியவராக்கிவிடுகின்றனர். பிழை சொல்லளவில் நில்லாது கருத்தையே மாற்றிவிடுகின்றது.

சொற்சேர்க்கைக்குக் காரணம் காணும் நெறி தமிழிலக்கண மரபிற்குப் புதிதன்று. தொல்காப்பியக் கிளவியாக்கம், வெவ்வேறு வினைக்குரிய பொருள்களை அடக்கிய பொதுச்சொல்லை அவற்றுள் ஒன்றற்கு மட்டும் உரிய வினையால் கூறலாகாது என்கிறது. உண்பனவும் தின்பனவும் பருகுவனவும் அடங்கிய 'அடிசில்' என்னும் சொல்லோடு 'அயின்றார்' என்பது பொருந்தும். 'தின்றார்' என்பது பொருந்தாது. இங்கு வழக்கோடு அதன் காரணமும் உணர்த்தப்படுகின்றது.

அகராதி தரும் பட்டியல் மனனம் செய்தற்குத் துணையாகலாம்; மாணவர் முன்பு காணாத சொல்லை எதிர்கொள்ளுமிடத்து அது கைகொடாது. எனவே, சொல்லிணைவு கற்பிப்போர் ஒவ்வொரு சேர்க்கைக்கும் உரிய பொருட்காரணத்தை மாணவரே கண்டறியுமாறு வினவுதல் வேண்டும். மொழிபெயர்ப்பு வகுப்பிற்கு இது இன்றியமையாதது என்பது நம் துணிபு.